கமலாக்கா கெஞ்சப் பழகிய கதை

கமலாக்கா வாயைத் திறந்தால் கட்டளைதான் வரும். டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. "சுபா, அந்தச் சட்டியை எடு." "சுபா, கையைக் கழுவு." "சுபா, முகம் வாடிப்போய்க் கிடக்கு, முதல் இருந்து சாப்பிடு." எங்கள் தலைமைச் சமையல்காரர் ஆறடி உயரமான ஜெர்மன்காரர். ஒருநாள் பால் பொங்கி வழியப் போன நேரம் அவரையே இடித்துத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தார் கமலாக்கா. அந்த மனிதர் ஓரமாய் நின்று மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் சனத்துக்கு அன்பை அன்பு என்று சொல்லிக் கொடுக்கத் தெரியாது. தின்னு, போர்த்துக்கொண்டு போ, நேரத்துக்குப் படு என்று அதட்டித்தான் கொடுப்பார்கள். அதை வாங்கி வளர்ந்தவர்களுக்கு அதட்டலுக்குள் இருப்பது என்னவென்று தெரியும். ஜெர்மன்காரர்கள் உப்பைக் கேட்பதற்கும் ஒரு 'பிட்டெ' போடுவார்கள். தயவுசெய்து என்று அர்த்தம். கமலாக்கா இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் இருந்தும் அந்தச் சொல்லைச் செலவழித்தது மிகக் குறைவு. ஒருமுறை நான் கேலி செய்தபோது, "அது கந்தோருக்கு எடி. வீட்டில ஆரும் பிட்டெ சொல்லுவினமோ?" என்று கேட்டார். கந்தோர் என்றால் அலுவலகம்.

முழுப்பெயர் கமலநாயகி. கணவர் தவராசா பத்து வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போனார். ஒரே மகன் சஞ்சயன். எலெக்ட்ரீஷியன் வேலை. குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போனவன் அங்கே வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாதி ஒருத்தியைக் காதலித்துக்கொண்டு திரும்பி வந்தான். பெயர் மரிசெல். ஊர் செபு. கமலாக்கா இரண்டு கிழமை, பதினான்கு நாளும், மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் ஒருநாள் சாப்பிட வந்து மூன்று தரம் சோறு கேட்டு வாங்கினாள். "சோறு தின்னுற பிள்ளை, இது போதும் எனக்கு" என்று அதோடு கோபம் முடிந்தது.

கலியாணத்துக்குப் பிறகு மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கமலாக்காவின் ஜெர்மன் சமையலறையைத் தாண்டாது. மரிசெலின் ஜெர்மன் நல்லது, ஆனால் அதை வைத்து மாமியாரோடு என்ன செய்வது? இடையில் சஞ்சயன் நின்று மொழிபெயர்ப்பான். அவன் இல்லாத நேரத்தில் மரிசெலுக்குத் தெரிந்த தமிழ் ஐந்தே ஐந்து. வா. இரு. சாப்பிடு. குளிசை போடு. படு. கமலாக்காவின் வாயிலிருந்து நாள் முழுக்க விழுவது இவைதானே. அவள் அதை அப்படியே பொறுக்கி மாமியாருக்கே திருப்பிக் கொடுப்பாள். வேலையால் களைத்து வரும் கமலாக்காவைப் பார்த்து, "அம்மா, இரு. குளிசை போடு" என்பாள். இரத்த அழுத்தத்துக்கு அவர் போடும் மாத்திரைதான் குளிசை. 'இருங்கோ, போடுங்கோ' என்று மரியாதையாய்ச் சொல்ல அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கமலாக்கா விட்டால்தானே. "பார் சுபா, வந்த மருமகள் என்னை வாடி போடி எண்டு மேய்க்கிறாள்" என்று சமையலறையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் மாசி மாதம் சஞ்சயன் வேலை இடத்தில் ஏணியிலிருந்து இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். எழும்பவில்லை. தகப்பனுக்கு வந்த அதே நோய். முப்பத்திரண்டு வயது.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நின்றார்கள் என்பதை மட்டும் சொல்லவேண்டும். ஒவ்வொரு காலையும் மரிசெல் சஞ்சயனின் படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோப்பையில் சோறும், பால் விடாத கோப்பியும் வைப்பாள். கமலாக்காவும் பக்கத்தில் ஒரு விளக்கு வைப்பார். "அவையளும் எங்களை மாதிரித்தான், படைக்கிறவை" என்று என்னிடம் சொன்னார். எல்லாம் எங்களை மாதிரித்தான் என்று நினைத்ததுதான் பிழை.

முப்பத்தோராம் நாள் ஒரு மண்டபத்தில் அந்தியேட்டி நடந்தது. ஐயர் கிரியையை முடித்தார், சனம் சாப்பிட்டது, கலைந்தது. மரிசெலுக்கு அன்று பிற்பகல் வேலை. மண்டபத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கமலாக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சஞ்சயனின் அலுமாரியைத் திறந்தார்.

"எல்லாத்தையும் பையில போடு."

எங்கள் வழக்கம் அது. முப்பத்தொன்றோடு துடக்கு, தீட்டு எல்லாம் கழிந்துவிட்டது, செத்தவருடைய உடுப்பு வீட்டில் கிடக்கக்கூடாது. ஏழு பைகள் நிறைந்தன. கதிரை முதுகில் அவனுடைய நீல நிற வேலைச் சட்டை தொங்கியது. கடைசி நாளுக்கு முதல்நாள் போட்ட, தோய்க்காத சட்டை.

"இதையுமோ அக்கா?"

"இதைத்தான் முதல் போடோணும். இதைப் பாத்துப் பாத்துத்தான் அந்தப் பிள்ளை அழுகுது." பிறகு சட்டையை எடுத்து மடித்தார். "என்ர மனுசன்ர உடுப்பை நான்தான் தனிய நிண்டு கட்டினன், சுபா. மூண்டு நாள் கை தூக்க ஏலாமல் கிடந்தன். அந்தப் பிள்ளையின்ர கையால இதைச் செய்விக்கக்கூடாது."

பைகளை என் காரில் ஏற்றி, தெருமுனையில் இருக்கும் பழைய உடுப்புப் பெட்டிக்குள் தள்ளினோம். நானும்தான் தள்ளினேன். நீலச் சட்டை இருந்த பையைத் தள்ளியது என் கை. திரும்பி வந்து படத்துக்கு முன்னால் இருந்த சோற்றுக் கோப்பையையும் கமலாக்கா கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அன்று இரவு மரிசெல் வந்து அலுமாரியைத் திறந்தாளாம். பிறகு கதிரையைப் பார்த்தாளாம். நிலத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒன்பது நாள்" என்று ஜெர்மனில் சொன்னாளாம். கமலாக்காவுக்கு ஒன்பது நாள் என்றது விளங்கியது, எதற்கென்று விளங்கவில்லை. லீவு கிடைக்க ஒன்பது நாள் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, "சாப்பிடு பிள்ளை" என்று சோற்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவள் தொடவில்லை.

அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் பிட்டெ வந்தது. "அம்மா, பிட்டெ, நான் முதலில் குளிக்கலாமா?" "அம்மா, பிட்டெ, எனக்கு உணவு வேண்டாம், நன்றி." இரு, சாப்பிடு, குளிசை போடு எல்லாம் நின்றுபோயின. கமலாக்கா உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சுபா, என்னோட அவள் கந்தோரில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள். நான் என்னடி செய்தனான்?"

என்ன செய்தோம் என்று சொன்னவள் றீற்றா. எங்கள் இல்லத்தில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை, பிலிப்பைன்ஸின் மின்டானாவோப் பக்கம், மரிசெல் பேசும் அதே பிசாயா பாஷை. சாப்பாட்டு வண்டியை எடுக்க வந்தவளிடம் கமலாக்கா தன் பாதி ஜெர்மனில் கதையைச் சொல்ல, மீதியை நான் சொன்னேன். றீற்றாவின் முகம் மாறியது. நாற்பதாம் நாள் வரைக்கும் உயிர் வீட்டைச் சுற்றித்தான் நிற்கும் என்பது தங்கள் நம்பிக்கை என்றாள். தன் உடுப்பு, தன் கோப்பை, தன் கதிரை எல்லாவற்றையும் வந்து பார்த்துக்கொண்டு போகுமாம். நாற்பதாம் நாள்தான் எல்லோருமாகச் செபம் சொல்லி வழியனுப்புவார்களாம். அதற்கு முதல் சாமானை அகற்றினால்?

"வீட்டை விட்டுத் துரத்தியது மாதிரி" என்றாள் றீற்றா.

கமலாக்கா ஏப்ரனைக் கழற்றவே இல்லை. அப்படியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அந்த உடுப்புப் பெட்டியின் வாய்க்குள் தோள்மூட்டு வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். உள்ளே எதுவும் கைக்கு எட்டவில்லை. ஐம்பத்தேழு வயது மனுஷி நடுத்தெருவில் இரும்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து, வெள்ளிக்கிழமையே லொறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார். கையை வெளியே எடுத்தபோது முழங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. "என்ர பிள்ளையை நானே துரத்திப் போட்டன்" என்றார். அந்தப் பையைத் தள்ளிய கை என்னுடையது.

வீட்டுக்குப் போய் மரிசெலிடம் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார். 'என்ட்ஷுல்டிகுங்' என்ற சொல். பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் சொல்கிற அதே சொல். அது அந்த இடத்திலேயே செத்து விழுந்தது. பரவாயில்லை அம்மா என்று மரிசெல் சொல்லிவிட்டு, மிகவும் மரியாதையாக இன்னொன்றும் சொன்னாள். ஆஸ்பத்திரி வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாள். ஏழு கிழமையில் செபுவுக்கே போகிறாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

நாற்பதாம் நாளை அவள் தன் ஊர்ச் சனத்தோடு தேவாலயத்தில் கழித்தாள். கமலாக்காவை வரச்சொல்லிக் கேட்கவில்லை. மறுநாள் கமலாக்கா றீற்றாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"உங்கட பாஷை எனக்குச் சொல்லித் தா. ரெண்டு விஷயம் கேக்கோணும். என்னை மன்னிக்கச் சொல்லி ஒண்டு. என்னை விட்டுப் போகாத எண்டு மற்றது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவள் அழுகிற பாஷையில கேட்டால்தான் அவளுக்குக் கேக்கும்."

தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். அதுதான் பள்ளிக்கூடம். முதல் நாளே கட்டளைகள் எல்லாம் வந்துவிட்டன, அதில் அவருக்கு என்ன கஷ்டம்? காஓன் என்றால் சாப்பிடு. லிங்கொட் என்றால் இரு. ஹூலாத் என்றால் பொறு. ஆயாவ் என்றால் வேண்டாம், செய்யாதே. ஏழாம் அறைக் கிழவர் ஒருவர் நாள் முழுக்க, என்னை வீட்டுக்குப் போகவிடுங்கோ என்று எல்லோரையும் மன்றாடிக்கொண்டிருப்பார். அது தங்கள் பாஷையில் 'பவுலியா கோ' என்றாள் றீற்றா. அதையும் பாடமாக்கிக்கொண்டார்.

கெஞ்சுவதுதான் வரவில்லை. கெஞ்சிக் கேட்பதென்றால் சொல்லுக்கு முன்னால் 'பலிஹுக்' போடவேண்டும். கமலாக்கா அதைப் போட்டால் ஏதோ சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். "நீ என்ன பொலிஸா?" என்று றீற்றா சிரிப்பாள். "குரலை இறக்கு. மூச்சை விட்டுச் சொல். மறுபக்கத்து ஆளுக்கு இல்லை என்று சொல்ல இடம் வைத்துக் கேள்." அந்தக் கடைசிப் புத்திமதி கமலாக்காவை யோசிக்க வைத்தது. இல்லை என்று சொல்ல இடம் வைத்து அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடம்கூட.

ஆனாலும் விடவில்லை. 'பலிஹுக், பசைலோவா கோ.' தயவுசெய்து என்னை மன்னி. 'பலிஹுக், ஆயாவ் கோ பியாயி.' தயவுசெய்து என்னை விட்டுப் போகாதே. பெரிய சட்டியில் கிழங்கு வேகும்போது அதைப் பார்த்து முணுமுணுப்பார். ஊரில், கடலில், முகாமில், அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்ற காலத்தில்கூட யாரிடமும் கெஞ்சாத மனுஷி ஒரு கிழங்குச் சட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். வெங்காயம் வெட்டுகிற சாட்டில் அழுதேன்.

நான்காம் கிழமை பாடம் முடிந்துவிட்டது. கேட்கத்தான் துணிவு வரவில்லை. "நாளைக்குக் கேக்கிறன்" என்பார். நாளைக்கு வரும். "அவள் களைச்சுப்போய் வந்தவள், நாளைக்குக் கேக்கிறன்" என்பார்.

போவதற்கு இரண்டு கிழமை இருக்க, ஒரு ஞாயிறு மதியம் தமிழ்க் கடையில் வாங்கிய முருங்கைக்காயைக் கொடுக்க நான் அங்கே போனேன். கமலாக்கா கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸை எண்ணெயில் சுட்டுக்கொண்டிருந்தார். மரிசெலின் அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. செபுவில் இருக்கும் தாயோடு ஃபோனில், முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அது சத்தம் மட்டும். திடீரென்று கமலாக்கா அடுப்பை அணைத்தார்.

உள்ளே மரிசெல் அழுதுகொண்டிருந்தாள். "பலிஹுக், நனாய். பவுலியா நா கோ. பலிஹுக்."

கமலாக்கா என் கையைப் பிடித்தார். எண்ணெய்க் கை. "வீட்டை வர விடு அம்மா எண்டு கெஞ்சுறாள், சுபா. எனக்கு விளங்குது. எல்லாம் விளங்குது."

ஃபோனுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. கடுமையான குரல் இல்லை, பயந்த குரல். "ஆயாவ் சா, டாய். ஆயாவ்."

"தாய்க்காரி வேண்டாம் பிள்ளை எண்டுறா."

எத்தனை பேர் பார்த்து ஏங்குகிற இடம் ஜெர்மனி, அதை விட்டுவிட்டு வந்து இங்கே என்ன செய்வாய், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அந்தத் தாய் ஐந்து கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த நேரம் கமலாக்காவுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். ஆயாவ். அவர் ஒரு மாதமாய்ப் பாடமாக்கி வைத்திருந்த வாக்கியத்திலும் அதே சொல்தான் இருந்தது.

"வராத எண்டு அவ. போகாத எண்டு நான்" என்றார் கமலாக்கா மெதுவாக. "ரெண்டு தாயும் இப்பிடி நிண்டால் அந்தப் பிள்ளை எங்கையடி போறது?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். மரிசெல் திடுக்கிட்டு ஃபோனை மறைக்கப் பார்த்தாள். கமலாக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஃபோனுக்கு நேரே குனிந்தார். திரையில் தன் வயதை ஒத்த ஒருத்தி, நெற்றியில் நரைமுடி ஒட்டியிருக்க, இவரைப் பார்த்தாள்.

"நனாய்" என்றார். குரல் இறங்கியிருந்தது. றீற்றா எவ்வளவு சொல்லியும் இறங்காத குரல். "பலிஹுக். பவுலியா சியா."

தயவுசெய்து அவளை வீட்டுக்கு வர விடுங்கோ.

கமலாக்கா இன்னொரு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது இரண்டு கையையும் கூப்பிவிட்டார். தன் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரத்தில் டொக்டரிடம்கூட அவர் அப்படிக் கும்பிடவில்லை. திரையில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "ஓ" என்றாள். பிசாயாவில் ஆம் என்பதற்கு அவ்வளவுதான்.

மரிசெல் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமலாக்கா அவள் பக்கம் திரும்பி, பாடமாக்கிய முதலாவது வாக்கியத்தைச் சொன்னார். பலிஹுக், பசைலோவா கோ. இரண்டாவதை விழுங்கிவிட்டார். அது அவர் வயிற்றுக்குள் இன்றைக்கும் கிடக்கிறது.

"கோபம் இல்லை அம்மா" என்று மரிசெல் ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, கமலாக்காவுக்கு விளங்கும்படி சொன்னாள். "ஆனால் அந்தச் சட்டையில் அவருடைய வாசம் இருந்தது."

"ஓம்" என்றார் கமலாக்கா.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கமலாக்கா விடிய எழும்பி ரோல்ஸ் சுட்டு ஒரு சின்ன டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தார். பெட்டிகளைப் போட்டு முடித்து, பாதுகாப்புச் சோதனை வாசலில் மூவரும் நின்றோம். மரிசெல் டப்பாவைத் திறந்து இரண்டு ரோல்ஸை எடுத்துத் தன் பையில் வைத்தாள். மீதியை மூடி மாமியாரின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா, பிட்டெ..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். தலையை ஆட்டினாள். பிறகு, கமலாக்காவின் அதே அதட்டலில், அதே முக இறுக்கத்தில், கண்ணீர் ஓட ஓடத் தமிழில் சொன்னாள்.

"அம்மா. சாப்பிடு. குளிசை போடு. படு."

"ஓம் பிள்ளை" என்றார் கமலாக்கா. "ஓம்."

கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய், வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தாள்.

கார் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியதும் கமலாக்கா டப்பாவைத் திறந்தார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். விழுங்க முடியாமல் இருமினார். பிறகும் கடித்தார்.

"அக்கா, வீட்டை போய் ஆறுதலாச் சாப்பிடுங்கோவன்."

"சொல்லிப்போட்டுப் போறாள் எல்லே."

ஒரு ரோல்ஸ் முடிந்து அடுத்ததை எடுத்தார். மூக்கைத் துடைத்தார், மென்றார். எஸன் நகரத்தைத் தாண்டும்போது சொன்னார்.

"வா எண்டு மட்டும் நான் சொல்லேல்லை, சுபா. அவள் திரும்பிப் பாத்த நேரம் வாய் வரைக்கும் வந்திட்டுது. சொல்லியிருந்தால் வந்திருப்பாள்."

டப்பாவில் இன்னும் ஒரு ரோல்ஸ் இருந்தது. அதையும் எடுத்துச் சாப்பிட்டார்.